வாசல் விடாத கோடு

இருளப்பன் தன்னோட வீட்டுக்குக் கோடு போட்ட வியாழக்கிழமை, காலை பதினோரு மணி வாக்குல, அவன் பொண்டாட்டி பஞ்சவர்ணம் அடுப்படிக்குள்ள மாட்டிக்கிட்டா. அடுப்படின்னா அங்க அடுப்பு கெடையாது, கூரை கெடையாது, கல்லுன்னு பேருக்கு ஒண்ணு கெடையாது. கீழப்பொட்டல் ஊருக்குத் தெக்க, ஒத்தப் பனைக்குப் பக்கத்துல, வெறுந்தரையில சுண்ணாம்புப் பொடியால போட்ட நாலு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். அதுக்குள்ள மாட்டிக்கிட்டா.

மூணு வருசமா அந்த வீட்டை அவன் காலண்டர் தாளோட முதுகுலதான் கட்டிக்கிட்டிருந்தான். கல்லு, சொந்தக் குழியில வெட்டின செம்மண்ணைச் சலிச்சு, கொஞ்சம் சிமிட்டி கலந்து, அச்சுல அடிச்சுக் காயவச்ச மண்கல்லு. ஓடு, இடிச்ச பழைய கட்டடத்து நாட்டு ஓடு. ஆளு, அவனும் அவளும். கயிறு பிடிக்கவும் சுவரு நேரா நிக்குதான்னு தூக்குக்குண்டு விட்டுப் பாக்கவும் மட்டும் சவரிமுத்துக் கொத்தனாரு வருவாரு, அதுக்கு பதிலா இவன் அவரு வயல்ல பத்து நாள் மம்பட்டி பிடிக்கணும்னு பேச்சு. மாசத்துக்கு ஒரு தாள் போட்டான், ஒவ்வொரு தாள்லயும் வீடு கொஞ்சம் கொஞ்சமா எளைச்சுது. மொதத் தாள்ல நாலு வாசல் ஆறு சன்னல் இருந்துச்சு, மறு வருசம் ரெண்டு வாசல் மூணு சன்னல், கடைசித் தாள்ல தலைவாசலுக்கு ஒரு நிலையும், கூடத்துலருந்து அடுப்படிக்குப் போக நிலையில்லாத வெறும் சந்தும்தான் மிச்சம். அந்த ஒரே நிலையை, ஒரு இடிஞ்ச வீட்டுல வாங்கின வேங்கை மரச் சட்டத்தை, மஞ்சள் பூசிப் பனைமரத்துல சாத்தி வச்சிருந்தான்.

ஒவ்வொரு தாளையும் பஞ்சவர்ணத்துக்கிட்ட காட்டுவான், அவளும் ஒவ்வொரு தடவையும் அடுப்படியோட பின்சுவத்துல விரலை வச்சு, "இங்க ஒரு வாசல்" அப்படிம்பா. 

அவ கேக்கறதுக்குக் காரணம் இருந்துச்சு. மூணு வருசத்துக்கு முன்னால, ஒரு பங்குனி மத்தியானம், அவங்க இருந்த குடிசை எரிஞ்சு போச்சு. ஒரே வாசல், அடுப்பும் அந்த வாசலை ஒட்டித்தான். தீ வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள வந்துச்சு, இவ பின்பக்கத்து ஓலையை ரெண்டு கையாலயும் பிச்சுக்கிட்டு வெளிய வந்தா. கை ரெண்டும் ஆறிப்போச்சு, தழும்பு ஆறல.

"ஓலையாப் போச்சு, பிச்சேன். மண்ணுச் சுவரை எதை வச்சுங்க பிய்க்கிறது?"

"ஓட்டு வீடு எங்கடி தீப்பிடிக்கப் போகுது?"

"எனக்குத் தீயைப் பத்திக் கவலையில்ல, வழியைப் பத்தித்தான்."

"அடுத்த வருசம் இடிச்சு வச்சுக்கலாம் பஞ்சு," அப்படிம்பான். அடுத்த வருசம்ங்கிற சாமானை வச்சே அவன் அந்த வீட்டுல பாதியைக் கட்டியிருந்தான்.

வியாழக்கிழமை பத்தரைக்கு மேல நல்ல நேரம். கொத்தனாரு முளை அடிச்சுக் கயிறு கட்டினாரு, இருளப்பன் அடியில ஓட்டை போட்ட பால் டின்னுல சுண்ணாம்புப் பொடியை அள்ளிக் கயித்தோரமாத் தூவிக்கிட்டே போனான், பஞ்சவர்ணம் குடத்துத் தண்ணியை எடுத்துக் கோடு காத்துல பறக்காம இருக்கத் தெளிச்சுக்கிட்டே வந்தா. 

"அடுப்பு எங்க வரும், நின்னு காட்டு தாயி," அப்படின்னாரு கொத்தனாரு. 

அவ குடத்தோட உள்ள போயி, கெழக்கப் பாத்து நின்னு, டின்னுலருந்து ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு வாங்கி, காலடியில வட்டமா ஒரு அடுப்பு வரைஞ்சா. அவ வரைஞ்சுக்கிட்டு இருக்கையிலயே இருளப்பன் கொல்லைப்பக்கத்துக் கோட்டை இழுத்துக்கிட்டு வந்து, கடைசி மூலையில கொண்டுபோயி முட்ட வச்சான்.

அஸ்திவாரக் கோட்டுக்கு யாரும் வாசல் விடமாட்டாங்க. பள்ளம் வாசலுக்கு அடியிலயும் ஓடணும், அப்பத்தான் நாலு சுவரும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்கும்; வாசல்ங்கிறது நிலை வைக்கும்போது வந்து சேர்ற சமாச்சாரம். அதனால அவனும் எந்தச் சந்தும் விடாம, சுத்தமா, ஒரு வீட்டை மூடினான்.

பஞ்சவர்ணம் வெளிய வர நடந்தா. கோட்டுக்கிட்ட வந்ததும் நெத்தி எதுலயோ மோதி, "ஆத்தாடி" அப்படின்னு பின்னால ஒரு எட்டு போனா. மறுபடி கையை நீட்டினா. கை வந்து நின்னுச்சு. மேல தடவினா, கீழ தடவினா, பக்கத்துல தடவிக்கிட்டே நாலு மூலையும் சுத்தினா, சுத்தி முடிச்சு இருளப்பனைப் பாத்தா.

கொத்தனாரு வந்து சாந்துக்கரண்டிக் காம்பால தட்டிப் பாத்தாரு. சத்தம் கெட்டியா வந்துச்சு. இடுப்புலருந்து தூக்குக்குண்டை எடுத்து விட்டுப் பாத்தாரு. 

"சுவருதான்ப்பா. நூல் பிசகல. நான் முப்பது வருசமாக் கட்டுறேன், எனக்கு இந்த மாதிரி ஒரு தூக்கு நின்னதில்ல."

கோட்டைக் கூட்டி அழிச்சாங்க, கோடு போச்சு, சுவரு போகல. கடப்பாரையால குத்தினாங்க, கடப்பாரை மழுங்குச்சு. ஏணி மேல ஏணி கட்டி ஏறினாங்க, சுவரும் கூடவே ஏறுச்சு. பனையில ஏறி உச்சியிலருந்து தண்ணிப் பாட்டிலை வீசினாங்க, அது எறிஞ்சவன் மூஞ்சிக்கே திரும்பி வந்துச்சு. அடியில தோண்டினாங்க, தோண்டத் தோண்டச் சுவரும் கீழ எறங்கிக்கிட்டே போச்சு. வெயில் மட்டும் தங்குதடையில்லாம உள்ள போச்சு. அவ தலைக்கு நேரா நின்னுச்சு, சித்திரை வெயில். குடத்துல அரைக்கொடம் தண்ணிதான், மிச்சத்தை அவ கோட்டுக்குத் தெளிச்சிருந்தா.

ஒரு மணி நேரத்துல ஊரு பூரா வந்துருச்சு. வந்தவங்க ஒவ்வொருத்தரும் ஒருதரம் தொட்டுப் பாத்தாங்க, "ஆமா, சுவரு" அப்படின்னாங்க, அதுக்கப்புறம் அதை ஒரு சுவராவே நடத்த ஆரம்பிச்சுட்டாங்க. பொம்பளைங்க வரிசையா முதுகைச் சாய்ச்சுக்கிட்டு வெத்தலை போட்டாங்க, சாஞ்சுக்கிட முடிஞ்சுதே ஒழிய நெழலு விழலைன்னு குறைப்பட்டாங்க. வெள்ளாடு ரெண்டு வந்து வெலாவை ஒரசிக்கிட்டு நின்னுச்சு. ஒரு ஆளு மாட்டுக்கொட்டாய்க்கு நாலு கோடு இழுத்துக் குடுன்னு இருளப்பன் கையைப் பிடிச்சாரு. "உங்கையி ராசியான கையிப்பா." 

ராசியான கை அப்பவும் சுண்ணாம்பு டின்னைப் பிடிச்சபடியே இருந்துச்சு. அதைக் கீழ வைக்கக்கூட அவனுக்குப் பயம், சாஞ்சு பொடி கொட்டி இன்னொரு கோடு விழுந்துட்டா என்ன பண்றது.

பன்னெண்டரைக்கு, அரசாங்க வீட்டுத் திட்டப் பணத்துக்காகப் படம் எடுக்க வேண்டிய ஓவர்சியர் வண்டியில வந்து எறங்கினாரு. அவரும் தொட்டுப் பாத்தாரு. பேனாவையும் படிவத்தையும் எடுத்தாரு.

"இதை அஸ்திவாரம்னு எழுதவா, சுவர் மட்டம்னு எழுதவா?"

"எம் பொண்டாட்டி உள்ள இருக்கா சார்."

"அது தெரியுதுப்பா. அதுக்குக் கட்டம் இல்ல."

படம் எடுத்தாரு. படத்துல சுவரு விழல. ஒரு பொம்பளை பொட்டல்ல தனியா நின்னு, ஒண்ணுமில்லாத எடத்துல ரெண்டு உள்ளங்கையையும் வச்சு அழுத்திக்கிட்டிருக்கிற மாதிரிதான் இருந்துச்சு. அதை இருளப்பன்கிட்ட காட்டினாரு, காட்டியிருக்க வேண்டாம். வண்டியை எடுக்கும்போது, போற போக்குல, "கோட்டுல கதவு விடலையா? நிலையாச்சும் வச்சுப் பாருங்க," அப்படின்னு சொல்லிட்டுப் போனாரு.

பஞ்சவர்ணம் காதுல அது விழுந்துச்சு. அவ குரல், மூடின ரூமுக்குள்ளருந்து வர்ற மாதிரி வந்துச்சு.

"என்னங்க, நிலையைத் தூக்கிட்டுக் கொல்லைப்பக்கம் வாங்க. இங்க வைங்க."

அப்பவே தூக்கிட்டுப் போயிருக்கலாம். ஆனா சனம் பிடிச்சுக்கிச்சு. இருளப்பனோட அண்ணன் பொண்டாட்டி சிட்டு மதினி முன்னால வந்து, "ஏ கொழுந்தனாரே, தலைவாசல் வைக்காம கொல்லை வாசல் வச்சா அது வீடா? பொணம் தூக்குற வழிம்பாங்க. மொதல்ல முன்னால வைங்க, கூடம் வழியாப் போயிக் கூட்டியாருங்க" அப்படின்னா. பெரிய ஆளுக எல்லாம் தலையாட்டினாங்க. அவனுக்கும் உள்ளூர அதான் சரின்னு பட்டுச்சு. சரின்னு பட்டதுக்குக் காரணம் தலைவாசலும் இல்ல, முறையும் இல்ல. மூணு வருசமாக் கூடாதுன்னு சொன்ன எடத்துல, ஊரே பாக்க, எப்படிக் கொண்டுபோயி வைக்கிறதுங்கிற கூச்சம்தான்.

"பிளான்ல அங்க வாசல் இல்ல பஞ்சு," அப்படின்னான்.

அவ குடத்தைச் சாய்ச்சு ஒரு வாய் குடிச்சா.

ஒண்ணேகால் மணிக்கு, முன்பக்கத்துக் கோடு இருந்த எடத்துல நிலையைத் தூக்கி நிறுத்தினாங்க. சூடம் காட்டினாங்க. நிலை சாயாம இருக்க ரெண்டு மரத்தை முட்டுக் குடுக்கணும், அதை உள்பக்கமாக் குடுத்து ஆப்பு அடிக்கிறதுதான் அந்த ஊரு முறை. கொத்தனாரு கையை விட்டுப் பாத்தாரு, கை போச்சு. நிலைக்கு வெளிய சுவரு, நிலைக்குள்ள வழி. அவரு உள்ள போயி ஆப்பை அடிச்சாரு. இருளப்பன் அவரைத் தள்ளிக்கிட்டு கூடத்துக்குள்ள ஓடினான், ஓடின வேகத்துல நடுச்சுவத்துல மோதி விழுந்தான்.

அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவுல அவன் போட்ட கோட்டுலயும் சந்து இல்ல. அதுக்கு வைக்க நிலையும் இல்ல. அந்த நிலையைத்தான் அவன் பதினெட்டாவது தாள்ல கோடு போட்டு அடிச்சிருந்தான்.

வெளிய வந்து ஒவ்வொருத்தரா கும்பிட்டான். யாரு வீட்டுலயாச்சும் ஒரு நிலையைப் பேத்துக் குடுங்க, சாயங்காலமே திருப்பி வச்சுத் தர்றேன். சுவரு வானம் வரைக்கும் நிக்கிறதை ஏத்துக்கிட்ட சனம், அதை ஏத்துக்கல. நின்ன நிலையைப் பேத்தா அந்தக் குடும்பம் நிக்காதுன்னு அவங்க நம்பிக்கை. "வேற என்ன வேணாலும் கேளுப்பா," அப்படின்னாங்க. ஒருத்தரு தன்னோட வண்டி மாட்டைத் தர்றேன்னாரு. மாட்டை வச்சு என்ன பண்றதுன்னு அவருக்கும் தெரியல, இவனுக்கும் தெரியல.

அந்த நேரத்துலதான் பஞ்சவர்ணம் கூப்பிட்டா. சத்தம் போடல, சாதாரணமாத்தான் கூப்பிட்டா. 

"என்னங்க. அடுப்பு சுடுது."

அவ வரைஞ்ச வட்டம். சுண்ணாம்பு வட்டத்து மேல கையை நீட்டிக் காட்டினா, உடனே இழுத்துக்கிட்டா. அங்க தீ தெரியல, பொகை தெரியல, கொதிக்கிற தார் ரோட்டு மேல தெரியுற மாதிரி காத்து மட்டும் நெளிஞ்சுது. போட்ட கோடெல்லாம் சுவரா நின்னா, போட்ட அடுப்பு அடுப்பா எரியத்தானே செய்யும்னு யாரோ கூட்டத்துல நியாயம் சொன்னாங்க. அவ மிச்சத் தண்ணி பூராவையும் அதுல ஊத்தினா. புஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு, மூச்சு வாங்குறதுக்குள்ள மறுபடி நெளிய ஆரம்பிச்சுது. காலிக் குடத்தை ஓரமா வச்சுட்டு, சேலைத் தலைப்பை மூக்குல பொத்திக்கிட்டு, பின்சுவத்துக்கிட்ட போயி உக்காந்தா. இருமினா. அவளைச் சுத்தி வெயில் பளிச்சுன்னு இருந்துச்சு, ஒரு துளி பொகை இல்ல, அவ மட்டும் பொகைக்குள்ள இருக்கிறவ மாதிரி கண்ணைக் கசக்கி இருமிக்கிட்டிருந்தா. 

குடிசை எரிஞ்ச அந்தப் பங்குனி மத்தியானம் இருளப்பன் ஊருல இல்ல, செங்கல் சூளைக்கு வேலைக்குப் போயிருந்தான். எரிஞ்சதைப் பாக்கல, ஆறின கையைத்தான் பாத்தான். இப்பப் பாத்தான். கண்ணாடிக்குள்ள வச்சுக் காட்டுற மாதிரி ஊருக்கு நடுவுல வச்சு அந்தச் சுவரு அவனுக்குக் காட்டுச்சு.

"நிலையை எடுங்க," அப்படின்னான். "கொல்லைக்குக் கொண்டுபோவோம்."

"ராகு காலம் கொழுந்தனாரே," அப்படின்னா சிட்டு மதினி. "ஒண்ணரை ஆயிருச்சு. மூணு மணி வரைக்கும் வச்ச நிலையைத் தொடக்கூடாது."

"மூணு மணிக்கு யாரை வெளிய எடுக்கிறது மதினி?"

மதினிதான் மொதல்ல வந்து சட்டத்துல கை வச்சா.

ஆனா ஆப்பு உள்பக்கம் இருந்துச்சு. உள்ள நின்னு தட்டினாத்தான் முட்டு விடும், முட்டு விட்டாத்தான் நிலை வரும், நிலை வந்தா உள்ள நிக்கிறவன் உள்ளதான். அது எல்லாருக்கும் ஒரே நேரத்துல வெளங்குச்சு. இருளப்பன் உள்ள போகத் திரும்பினான், கொத்தனாரு அவன் சட்டையைப் பிடிச்சு வெளிய இழுத்தாரு.

"நீ உள்ள இருந்தா கொல்லையில நிலையை யாரு நிறுத்துறது? எனக்கு இங்க பொகை இல்ல, அடுப்பு இல்ல. கூடம்தான், காத்தாட இருக்கும். நகரு."

சவரிமுத்து உள்ள போனாரு. நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டாரு. சுத்தியலால ஒரு ஆப்பைத் தட்டினாரு, மறு ஆப்பைத் தட்டினாரு. நாலு பேரு நிலையைத் தூக்கின அந்த நிமிசம் அவரு கையை முன்னால நீட்டிப் பாத்தாரு, கை நின்னுச்சு. "மூடிக்கிச்சு, போங்க," அப்படின்னாரு, யாரோ கடையைச் சாத்தின மாதிரி.

நிலையைத் தூக்கிக்கிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினாங்க. வாசல் எங்க வைக்கிறதுன்னு கோடு அழிஞ்ச தரையில இருளப்பனுக்குத் தெரியல. அவ சேலையைத் தலையோட போத்திக்கிட்டுச் சுவத்தோரமாச் சுருண்டு கெடந்தா, கை எங்க இருக்குன்னு தெரியல; குனிஞ்சு சுவத்துல காதை வச்சான்.

"பஞ்சு. எங்க?"

உள்ளருந்து தட்டுச் சத்தம் வந்துச்சு. மூணு தட்டு. அவன் காதை ஒட்டிக்கிட்டே அந்தச் சத்தத்துக்கு நேரா நகந்தான், மறுபடி மூணு தட்டு, இன்னும் கொஞ்சம் நகந்தான். மூணு வருசமா அவ விரலை வச்சுக் காட்டின எடம்தான் அது, தாள்ல பாத்ததைத் தரையில கண்டுபிடிக்க அவனுக்கு அம்புட்டு நேரமாச்சு. அடுத்த தடவை ரெண்டு தட்டுதான் வந்துச்சு. அதுக்கடுத்து ஒண்ணு.

"இங்க வைங்க," அப்படின்னு கத்தினான், நாலு பேரும் வச்சாங்க.

வச்சதும் மொதல்ல வெளிய வந்தது பொகைதான். வெறும் வெட்டவெளியிலருந்து, நிலையோட நாலு சட்டத்துக்கு நடுவுலருந்து, கன்னங்கரேல்னு பொகை திரண்டு வந்து சனத்து மேல விழுந்துச்சு, சனம் செதறி ஓடுச்சு. அதுல ஓலை எரிஞ்ச வாசம் அடிச்சுது, அந்த ஊருல எல்லாருக்கும் தெரிஞ்ச வாசம், மூணு வருசத்துப் பழைய வாசம். இருளப்பன் கண்ணை மூடிக்கிட்டு உள்ள குனிஞ்சு துழாவினான். ஒரு கை தட்டுப்பட்டுச்சு. தழும்பைத் தடவித்தான் அது அவ கைன்னு தெரிஞ்சுக்கிட்டான்.

இழுத்துப் போட்டான். சிட்டு மதினி மொகத்துல தண்ணியடிச்சா, வாயில ஊத்தினா. மூணாவது வாய் உள்ள போனப்பறம் பஞ்சவர்ணம் கண்ணு முழிச்சா, நிலையைத் திரும்பிப் பாத்தா, அவனைப் பாத்தா.

"பிளான்ல எடம் இருந்துச்சா?"

அவன் அவளைப் பொகை படாத பக்கமா நகத்தி உக்கார வச்சான்.

பொகை அடங்குற வரைக்கும், மூணு மணி தாண்டியும், அவ நிலையைத் தொட விடல. அதுக்கப்புறம்தான் அதைத் தூக்கிட்டுப் போயி முன்பக்கம் வச்சுக் கொத்தனாரை வெளிய விட்டாங்க. இந்தத் தடவை முட்டு வெளிப்பக்கம் குடுத்தாங்க, முறையைப் பத்தி ஒருத்தரும் பேசல. சவரிமுத்து கூடத்துல தலைக்குத் துண்டை வச்சுப் படுத்திருந்தாரு. எந்திரிச்சு வந்து, "காத்தாட இருக்கும்னு பாத்தேன், ஒரு சன்னலுகூட வைக்கலையேப்பா நீ," அப்படின்னாரு. சொல்லிட்டுப் பனை மறைவுல போயி வாந்தியெடுத்தாரு. ராத்திரிக்கு முன்னால நிலை மறுபடி கொல்லைக்கே போயிருச்சு.

அந்த வீட்டைப் பிறகு அந்தச் சுவத்தோரமாவே மண்கல்லை அடுக்கித்தான் கட்டினாங்க. தூக்குக்குண்டே தேவைப்படல, சாய்ச்சு வச்ச கல்லு சாய்ச்ச எடத்துல நின்னுச்சு. நடுச்சுவத்துக்கு ஒரு நிலை செஞ்சு வச்சாங்க; தலைவாசலுக்கு நிலை வர்ற வரைக்கும், விருந்துக்கு வந்தவங்களா இருந்தாலும் வரி கேட்டு வந்தவங்களா இருந்தாலும், பஞ்சவர்ணத்தோட அடுப்பைச் சுத்திக்கிட்டுத்தான் கூடத்துக்குப் போனாங்க. இப்ப அந்த ரெண்டு ரூமு வீட்டுக்கு அஞ்சு வாசல். பனையை வெட்டி, செதுக்கி, இருளப்பனே செஞ்ச நிலைதான் மூணு. காத்தடிச்சா அஞ்சு கதவும் அடிச்சுக்கும், ஊரே திரும்பிப் பாக்கும். கீழப்பொட்டல்ல யாரு நிலை வச்சாலும் முட்டு இப்ப வெளிப்பக்கம்தான்; கோடு போடும்போது உள்ள யாருமில்லைன்னு ஒரு ஆளு சத்தம் போட்டுச் சொன்னப்பறம்தான் கடைசி மூலையை மூடுவாங்க. 

இருளப்பன் அதுக்கப்புறம் சுண்ணாம்பு டின்னைத் தொடல. மார்கழி மாசம் வாசலுக்கு வாசல் கோலம் போட்டிருந்தா, சுத்திக்கிட்டு வாய்க்கா வழியாத்தான் நடப்பான். தன்னோட வீட்டுக்குள்ள நுழையும்போதும், அது எந்த வாசலா இருந்தாலும், ஒரு கையை முன்னால நீட்டிக் காத்தைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் காலை எடுத்து வைப்பான்.

"என்னத்தத் துழாவுறீங்க?" அப்படிம்பா பஞ்சவர்ணம், அடுப்பைப் பாத்தபடி, திரும்பாம. "வாசல்தான்."

"தெரியுது," அப்படிம்பான். கை மட்டும் எறங்காது.